சம்மனுக்கு ஒளிகிறவரும் நம் அவசரமும்

இந்த மாதம் மட்டும் மூன்று ஜூனியர் வக்கீல்கள் ஒரே கேள்வியோடு வந்தார்கள். விவாகரத்து வழக்கு, கணவரோ மனைவியோ சம்மன் வாங்காமல் நழுவுகிறார், "சார், சம்மனை பேப்பர்ல விளம்பரமா போட்டுடலாமா?" சேலம் கோர்ட்டில் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் அவசரப்பட்டேன். அதில் அடிபட்டது என் கட்சிக்காரப் பெண்.

ஒரு தடவை கதவு பூட்டியிருந்ததும் பேப்பருக்கு ஓடுவது

கணவருக்கு ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. மனுவில் நாங்கள் கொடுத்ததோ அடிவாரத்தில் இருவரும் முன்பு குடியிருந்த வாடகை வீடு. சம்மன் கொண்டுபோகும் கோர்ட் ஊழியரான அமீனா ஒரு முறை போய், வீடு பூட்டு என்று எழுதித் திரும்பினார். தபாலும் திரும்பியது. அடுத்த வாய்தாவிலேயே பேப்பர் விளம்பரம் கேட்டு சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 5 விதி 20-ல் மனு போட்டேன், விளம்பரம் வந்தது, அவர் வரவில்லை, அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பும் வாங்கிவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து, அந்தப் பெண்ணுக்கு மறுமணம் பேசி முடித்திருந்த நேரத்தில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு அவர் கட்டளை 9 விதி 13-ல் வந்து நின்றார். "நான் மலையில்தான் இருந்தேன், அது அவளுக்குத் தெரியும், இதோ அங்கிருந்து மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீது" என்றார். தீர்ப்பு ரத்து.

ரத்து கேட்பதற்கான 30 நாள் கெடு தாண்டிவிட்டது என்று நான் வாதாடியதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. 1963 லிமிடேஷன் சட்டத்தின் 123-வது ஷரத்திலேயே விளக்கம் இருக்கிறது: விதி 20 வழியாகச் செய்த சார்பு (சம்மன் சேர்ப்பித்தல்), அந்தக் கெடுவுக்கு முறையான சார்பு ஆகாது. அவருக்குத் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்துதான் 30 நாள் ஓடும். நான் அதைப் படிக்கவில்லை.

சரி, என்ன செய்வது? தோட்டத்து லைன் வீடு, அம்மா வீடு, வேலை இடம் என்று தெரிந்த முகவரி எல்லாவற்றுக்கும் சம்மன் அனுப்ப பேட்டா (கோர்ட் கட்டணம்) கட்டுங்கள். விடிந்ததும் வேலைக்குப் போகிறவரைப் பகல் பதினொரு மணிக்குத் தேடினால் எப்படிக் கிடைப்பார்? அமீனாவோடு வீட்டை அடையாளம் காட்ட ஒரு ஆளை அனுப்புங்கள். வாங்க மறுத்தாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ கட்டளை 5 விதி 17-ன்படி சம்மனை வாசல் கதவில் ஒட்டலாம். அடையாளம் காட்டியவர் பெயரும் முகவரியும் அமீனாவின் அறிக்கையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இத்தனையும் திரும்பி வந்த பிறகு, வேண்டுமென்றே ஒளிகிறார் என்று பிரமாணப் பத்திரம் போட்டு பேப்பருக்குப் போங்கள், அதுவும் அவர் கடைசியாகக் குடியிருந்த ஊரில் ஓடும் பேப்பருக்கு.

வாட்ச்மேனிடம் கொடுப்பது

செல்லாது. வேலையாள் குடும்பத்தவர் அல்ல என்று கட்டளை 5 விதி 15 சொல்கிறது.

"வாங்க மறுத்தார்" என்று திரும்பிய நோட்டீஸ் கவர்

பிரிக்காதீர்கள். அப்படியே தாக்கல் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது

கோர்ட் அனுமதி இல்லாமல் நீங்களாக அனுப்பியதை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் வாய்தா தேதி அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று காட்ட அந்த நீல டிக் உதவும், அழித்துவிடாதீர்கள். தேதி தெரிந்தும் வராதவர், சார்பில் ஏதோ குறை என்று மட்டும் சொல்லி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை உடைக்க முடியாது.

தீர்ப்பு கையில் வந்ததும் கல்யாணம்

அப்பீல் காலம் முடியட்டும். இந்து திருமணச் சட்டம், பிரிவு 15.