'இங்' எங்கே ஒட்டும்?

கிளிநொச்சியில் ஒரு விவசாயத் திட்டத்தில் களப் பணியாளராகச் சேர்ந்த புதிதில், கொழும்பிலிருந்து அழைப்பு வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஒருநாள் நீர் இறைக்கும் மோட்டரை நிறுத்தப் போன நேரம் தொலைபேசி அடித்தது. "ஐ ஆம் டேர்ன் ஓஃபிங் த பம்ப்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். பிழை என் தமிழிலிருந்து வந்திருக்கிறது. 'எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன்' என்று நாம் எத்தனை வினையைக் கோத்தாலும் 'கொண்டிரு' கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் 'டேர்ன் ஓஃப்' போல இரண்டு சொல் சேர்ந்த வினைகளில், நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் 'இங்' (-ing) முதலில் நிற்கும் வினையில் ஒட்டும். ஓஃப், அப், அவுட் எல்லாம் மாறாமல் அப்படியே கிடக்கும். டேர்னிங் ஓஃப், ரன்னிங் அவுட்.

சரி, விதி புரிந்தது, வாய் கேட்கவில்லையே. அதனால் வீட்டு வேலையோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். வாளி நிரப்பும்போது "ஐ ஆம் ஃபில்லிங் இட் அப்". 'இட்' வந்தால் அது நடுவில்தான் நுழையும், 'ஃபில்லிங் அப் இட்' பிழை. என்னை அதிகம் வதைத்தது இதுதான். ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது. அக்காவின் மகளைப் பார்த்துக்கொள்ளும்போது "ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் ஹேர்". ஒவ்வொன்றையும் 'இட்', 'ஹேர்' போட்டே பழகியதால், எது பிரியும் எது பிரியாது என்பது காதிலேயே தங்கிவிட்டது.

சிறுபோக முடிவில், இரணைமடு வாய்க்காலில் நீர் குறைந்த ஒரு நாள், "வி ஆர் ரன்னிங் அவுட் ஒஃப் வோட்டர்" என்று தயங்காமல் சொன்னேன். எத்தனை நாளுக்குப் போதும் என்று மறுமுனையில் உடனே கேட்டார்கள்.