எக்செல் தானா மூடிக்குதா? முதல்ல மேக்ரோவைப் பாருங்க

மாசக் கடைசி, சம்பள ஷீட்டைத் திறந்து ஒருத்தரோட லீவு நாளை மாத்துறோம், உடனே எக்செல் அப்படியே உறைஞ்சு போய் மேல 'நாட் ரெஸ்பாண்டிங்'னு வந்து கொஞ்ச நேரத்துல தானா மூடிக்குது. நான் வேலை பார்த்த இடத்துல இதுக்காக ரெண்டு தடவை எம்எஸ் ஆபீஸை அழிச்சுட்டு திரும்பப் போட்டாங்க, ராம் கூட ஏத்திப் பார்த்தாங்க, ஒண்ணும் நடக்கல. ஷீட்டுக்குப் பின்னாடி இருந்த பத்து வரி மேக்ரோதான் (எக்செலுக்குள்ளயே எழுதி வைக்கிற சின்ன ப்ரோக்ராம்) காரணம்.

ஒர்க்‌ஷீட் சேஞ்ச்னு ஒரு ஈவன்ட் (ஏதாவது நடந்தா மேக்ரோவைத் தானா ஓட்டுற ஏற்பாடு) இருக்கு, செல்லுல நாமளோ மேக்ரோவோ எதையாவது எழுதினா அது ஓடும். அந்த மேக்ரோவே இன்னொரு செல்லுல எதையாவது எழுதுச்சுன்னா அதுவும் ஒரு மாற்றம்தானே, அதனால அதே மேக்ரோ திரும்ப ஓடும், திரும்ப எழுதும், திரும்ப ஓடும்... சில நேரம் எரர் 28, 'அவுட் ஆஃப் ஸ்டேக் ஸ்பேஸ்'னு சொல்லும், சில நேரம் எதுவுமே சொல்லாம எக்செல் போயிடும்.

கண்டுபிடிக்கிறது ஈஸி. ஃபைலை முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்க, இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. அப்புறம் காலி ஒர்க்புக் ஒண்ணைத் திறந்து ஆல்ட் எஃப்11 அடிங்க, மேக்ரோ எழுதுற விண்டோ வரும், அதுக்குள்ள கன்ட்ரோல் ஜி அடிச்சா கீழ இமீடியட் விண்டோ வரும், அதுல அப்ளிகேஷன்.எனேபிள்ஈவன்ட்ஸ் = ஃபால்ஸ்னு (Application.EnableEvents = False) அடிச்சு என்டர் தட்டுங்க, ஈவன்ட் எல்லாம் நின்னுடும். இப்போ அதே எக்செல்ல ஃபைல் மெனு வழியா பிரச்சனை ஃபைலைத் திறந்து அதே செல்லை மாத்திப் பாருங்க. கிராஷ் ஆகலைன்னா ஈவன்ட் மேக்ரோதான் ஆளு. அப்பவும் ஆச்சுன்னா கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே எக்செலைத் திறந்து சேஃப் மோடுல பாருங்க, அங்க ஆட்-இன் (எக்செலோட சேர்த்துப் போட்ட கூடுதல் ப்ரோக்ராம்) லோட் ஆகாது.

மேக்ரோ செல்லுல எழுதுற வரிக்கு முன்னாடி எனேபிள்ஈவன்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கணும், எழுதி முடிச்சதும் ட்ரூ ஆக்கணும், அவ்வளவுதான் ரிப்பேர். ஆனா நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான், நடுவுல ஏதாவது எரர் வந்து மேக்ரோ நின்னுடுச்சுன்னா அந்த ட்ரூ வரிக்கு வரவே வராது, அப்புறம் எக்செலை மூடித் திறக்குற வரைக்கும் எந்த ஈவன்ட்டும் ஓடாது, 'நேத்து வேலை செஞ்ச மேக்ரோ இன்னிக்கு செத்துப்போச்சு'ன்னு வேற ஒரு தலைவலி ஆரம்பிக்கும். அதனால மேலயே ஆன் எரர் கோ-டு (On Error GoTo, எரர் வந்தா குறிச்ச வரிக்குத் தாவச் சொல்ற கட்டளை) போட்டு, எரர் வந்தாலும் வரலைன்னாலும் கடைசில ட்ரூ வரியைத் தொட்டுட்டுதான் வெளியே போகணும்ங்கிற மாதிரி எழுதுங்க.

மேக்ரோ சுத்தலை, ஆனாலும் தொங்குதுன்னா லூப்பை (ஒரே வேலையை ஒவ்வொரு செல்லுக்கும் திரும்பத் திரும்பச் செய்ற பகுதி) பாருங்க. அதுக்கு ஒரு முழு நெடுவரிசையையும் கொடுத்திருந்தா 10,48,576 வரிசையையும் ஒண்ணொண்ணா தடவிட்டு வரும், டேட்டா இருக்குறது முன்னூறு வரிசையா இருந்தாலும் சரி. கடைசி வரிசையைக் கண்டுபிடிச்சு அதுவரைக்கும் மட்டும் ஓட்டுங்க. வேகத்துக்காக கால்குலேஷனை மேனுவல் ஆக்கினா கடைசில ஆட்டோமேட்டிக்குக்கு மாத்தியே ஆகணும், இல்லன்னா டோட்டல் பழைய நம்பரைக் காட்டிட்டு நிக்கும், சம்பள ஷீட்ல அது கிராஷை விட மோசம்.

மூடின ஃபைல் தானா திரும்பத் திறக்குதா? அது ஆன்டைம், அதாவது சொன்ன நேரத்துல மேக்ரோவை ஓட்டச் சொல்ற கட்டளை. போட்ட நேரத்தை ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு, ஃபைல் மூடும்போது அதே நேரத்தைக் கொடுத்து கேன்சல் பண்ணணும், ஒரு செகண்ட் மாறினாலும் கேன்சல் ஆகாது.

பழைய 32 பிட் மேக்ரோவை 64 பிட் எக்செலுக்குக் கொண்டு வந்தவங்க டிக்ளேர் (Declare, வெளி ஃபங்ஷனைக் கூப்பிட எழுதுறது) வரிகளைப் பாருங்க. பிடிஆர்சேஃப் (PtrSafe) மட்டும் சேர்த்துட்டு, பாயின்டர் (மெமரி முகவரி) வர்ற இடத்துல லாங்கை (Long) லாங்பிடிஆரா (LongPtr) மாத்தாம விட்டா கம்பைல் ஆகும், ஓடும்போது எக்செலையே சாய்ச்சிடும்.

சரி பண்ணதும் ஒரு செல்லை மாத்திப் பார்த்துட்டு விட்டுடாதீங்க. இருபது வரிசையை மொத்தமா பேஸ்ட் பண்ணுங்க, மொத்தமா டெலீட் பண்ணுங்க, ஏன்னா ஒரு செல்லுக்குன்னு எழுதின மேக்ரோவுக்கு பல செல் ஒண்ணா வந்தா பெரும்பாலும் எரர் 13, 'டைப் மிஸ்மேட்ச்' அடிக்கும்.