எபாக்சி ரெசின்: அளப்பதும் கலக்குவதும், முதல் தடவை செய்பவர்களுக்கு

மறுநாள் காலையில் ஆசையாகப் போய்த் தொட்டுப் பார்க்கிறீர்கள். ஊற்றியதில் முக்கால்வாசி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் விரல் ஒட்டுகிறது. இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று விட்டால், ஒரு வாரம் கழித்தும் அந்த இடம் அப்படியே பிசுபிசுக்கிறது. என் முதல் தட்டில் எனக்கு நடந்தது இதுதான். வாங்கின ரெசின் சரியில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தவறு கலக்கிய விதத்தில் இருந்தது.

எபாக்சி, பெயிண்ட் மாதிரி காய்வதில்லை. பெயிண்டிலிருந்து நீரோ கரைப்பானோ ஆவியாகிப் போகும். எபாக்சி இரண்டு பாட்டில்களில் வரும்: ஒன்றில் ரெசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, புதிதாக ஒரு பிளாஸ்டிக் உருவாகிறது. போல்ட்டும் நட்டும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நட்டு குறைந்தால் போல்ட் அப்படியே நிற்கும். நட்டு கூடினால் அதற்குப் போல்ட் கிடைக்காது. ஜோடி கிடைக்காத மிச்சம் இறுகாமல் உள்ளேயே தங்கிவிடும். அதனால் 'ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் செட் ஆகும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது பாலியெஸ்டர் ரெசினில் வேலை செய்தவர்களின் பழக்கம். அங்கே ஊற்றுவது வினையைத் தூண்டிவிடும் பொருள், அதுவும் சொற்பம். இங்கே ஹார்டனர் பிளாஸ்டிக்கின் ஒரு பாகமாகவே ஆகிவிடுகிறது.

முன்னேற்பாடு

நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். இறுகாத எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒருநாள் அலர்ஜி வந்துவிடலாம். வந்தபின் பெரும்பாலும் போகாது, அதோடு இந்த வேலையையே விட வேண்டியிருக்கும். கையில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அசிட்டோன் வேண்டாம், அது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும்.

அறையும் பாட்டில்களும் 22 முதல் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் வேலை சுலபம். குளிரில் ரெசின் கெட்டியாகி, கலக்கக் கலக்கக் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடிய பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் நிற்க வைத்து, வெளியே ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத் திறந்தால் போதும். ரெசின் பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் குருணை கட்டியிருந்தால் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். 50 டிகிரி அளவு சூடான நீரில் வைத்தால் கரைந்து பழையபடி தெளிந்துவிடும். முழுக்கத் தெளிந்து, சூடு ஆறியபின் அளவு எடுங்கள்.

லேபிளைப் படியுங்கள்

1:1, 2:1, 3:1, 100:45 என்று கம்பெனிக்குக் கம்பெனி விகிதம் மாறும். எண்ணோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள்: அது கன அளவா, எடையா? ரெசின் கனமானது, ஹார்டனர் அதைவிட லேசானது. அதனால் இரண்டுக்கும் ஒரே எண் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள பலகையில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்ற வேண்டும். 30 × 20 × 0.3 = 180. கன சென்டிமீட்டரும் மில்லிலிட்டரும் ஒன்றுதான், ஆக 180 மி.லி. கப்பில் ஒட்டுவது, ஓரத்தில் வழிவது எல்லாம் சேர்த்து 210 மி.லி. எடுப்போம். கன அளவில் 2:1 என்றால் மொத்தம் 3 பங்கு. ரெசின் 140, ஹார்டனர் 70.

இதையே தராசில் எடுத்தால்? ரெசின் மில்லிலிட்டருக்கு 1.15 கிராம், ஹார்டனர் 0.97 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 140 மி.லி. ரெசின் 161 கிராம். 70 மி.லி. ஹார்டனர் 68 கிராம். லேபிளில் இருந்த 2:1-ஐ எடைக்கும் அதேதான் என்று நினைத்திருந்தால் 80 கிராமுக்கு மேல் ஹார்டனர் ஊற்றியிருப்பீர்கள். அந்த 12 கிராம்தான் பிசுபிசுப்பு. எடை விகிதத்தைக் கம்பெனி தனியாகக் கொடுத்திருந்தால் மட்டும் தராசுக்குப் போங்கள். கொடுக்கவில்லை என்றால் அளவுக் கோடு போட்ட கப்பே சரி.

அளப்பது

கப்பில் அளந்தால் அதைச் சமதளத்தில் வைத்து, குனிந்து, கோடு கண்மட்டத்தில் இருக்கும்போது பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும். பாட்டில் மூடிகளை மாற்றி மூடிவிடாதீர்கள், ஒட்டிக்கொண்டு திறக்கவே முடியாமல் போகும்.

என் விருப்பம் தராசுதான். வெறும் கப்பை வைத்து டேர் அழுத்திப் பூஜ்யமாக்கி, ரெசினை ஊற்றி, எடையை ஒரு தாளில் எழுதுங்கள். மறுபடி டேர் அழுத்தி ஹார்டனரை மெல்லிய இழையாக ஊற்றுங்கள். எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல சின்னத் தராசுகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும், அதோடு கணக்கும் போய்விடும். ஹார்டனர் 2 கிராம் கூடிவிட்டதா? பதற வேண்டாம். எடை விகிதம் 100:42 என்றால் அந்த 2 கிராமுக்கு 2 ÷ 0.42, அதாவது சுமார் 4.8 கிராம் ரெசின் கூடுதலாக ஊற்றினால் விகிதம் நேராகிவிடும். கலக்கத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ரொம்பச் சின்ன அளவாகக் கலக்காதீர்கள். 6 மி.லி. ரெசினுக்கு 3 மி.லி. ஹார்டனர் எடுக்கும்போது ஒரே ஒரு மி.லி. தப்பினாலும் மூன்றில் ஒரு பங்கு தப்பு. அதே ஒரு மி.லி. 70-இல் தப்பினால் வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே.

கலக்குவது

என் தட்டு வீணானது இங்கேதான். உருண்டையான குச்சியால் கப்பின் நடுவில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தேன். கப்பின் சுவரிலும் அடி மூலையிலும் ஒட்டியிருந்த ரெசின் கலக்கலுக்குள் வரவே இல்லை. கடைசியில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று கப்பை வழித்துத் தட்டின் ஓரத்தில் விட்டேன். அந்த ஓரம்தான் கடைசிவரை இறுகவில்லை.

தட்டையான, முனை நேராக வெட்டிய குச்சியாக எடுங்கள். கப்பின் அடி தட்டையாக இருக்கட்டும். மெதுவாக, குச்சியைக் கலவைக்கு மேலே தூக்காத மாதிரி, மூன்று நிமிடம் கலக்குங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சுவரைச் சுற்றி வழித்து, அடியைச் சுரண்டி, குச்சியின் இரு பக்கத்தையும் கப்பின் விளிம்பில் துடைத்து உள்ளே விடுங்கள். ஆரம்பத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெயிலில் தார் ரோட்டின் மேல் காற்று நெளிவது போல உள்ளே கோடுகள் நெளியும். அந்த நெளிவு முழுக்க மறைந்து, கப்பின் அடி தெளிவாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் ஒரு புதுக் கப்புக்கு மாற்றி, புதுக் குச்சியால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம். முதல் கப்பின் சுவரில் ஒட்டியதை வழிக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நிறம் சேர்ப்பதானால் இதற்குப் பிறகு. முதலிலேயே போட்டால் நெளிவு கண்ணுக்குத் தெரியாது. மொத்த எடையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கலந்ததைக் கப்பிலேயே வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். வினை நடக்கும்போது சூடு கிளம்பும். கப்பில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, சூடு கூடக் கூட வினையும் வேகமெடுக்கும். புகை வந்து, கப் உருகிப்போகிற அளவுக்குக்கூடப் போகும். கப் கையில் சூடாகத் தெரிந்தால் அதை வேலையில் ஊற்றாமல், தீப்பிடிக்காத அகலமான தட்டில் பரப்பி வெளியே கொண்டுபோய் வையுங்கள். எவ்வளவு கனம் வரை ஒரே தடவையில் ஊற்றலாம் என்பதும் லேபிளில் இருக்கும், அதை மீறாதீர்கள்.

ஊற்றியபின் பெரும்பாலான எபாக்சி ஒரு நாளில் தொடுமளவுக்கு இறுகும். முழுப் பலம் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

சரியாக வரவில்லை என்றால்

ஊற்றி முடித்துக் காலியான இரண்டாவது கப்பை எறியாமல், அடியில் ஒட்டிய மெல்லிய படலத்தோடு ஓரமாக வைத்திருங்கள். மறுநாள் அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எங்கும் ரப்பர் மாதிரி அமுங்கினால் விகிதம் தவறியிருக்கலாம். அடியின் நடுப்பகுதி கல்லாக இருந்து சுவர் மட்டும் பிசுபிசுத்தால் கலக்கியது போதவில்லை. முதல் வகையென்றால் ஊற்றியது முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். இரண்டாவதென்றால், ஒட்டுகிற இடத்தை மட்டும் நன்றாகச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, சுற்றியிருக்கும் இறுகிய பரப்பை மாஸ்க் போட்டுக்கொண்டு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, சரியாகக் கலந்த புதுப் படலத்தை ஊற்றலாம். பிசுபிசுப்பின் மேல் வெறும் ஹார்டனரைத் தடவினால் இறுகாது. துடைத்தெடுக்க வேண்டிய பசை இன்னும் கூடும்.