ஐடி அவுட்சோர்சிங்: புது மாதிரிக்கு மாறும்போது செய்யக்கூடாத தவறுகள்

1989-ல் கோடாக் தன் டேட்டா சென்டர் வேலையை ஐபிஎம்மிடம் ஒப்படைத்தது. அதைப் பார்த்துப் பல பெரிய நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின. அப்போதிருந்து ஒப்பந்த வடிவங்கள் நிறைய மாறிவிட்டன. ஆள் கணக்கு, மணிக்கணக்கு என்று பில் போட்ட இடத்தில் இப்போது பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம், விளைவுக்குக் கட்டணம், சேவை நிறுவனமே ஒரு பிரிவைக் கட்டி நடத்திப் பிறகு உங்களிடம் கைமாற்றித் தரும் முறை என்று பலவும் வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் ஒன்றுதான்: வெண்டருக்கு, அதாவது வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனத்துக்கு, பணம் எதனால் வருகிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவது.

ஊழியர்களின் கணினிப் பிரச்சினைகளைத் தீர்க்கும் ஹெல்ப்டெஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 4,000 டிக்கெட் (ஊழியர்கள் பதிவு செய்யும் உதவிக் கோரிக்கை), அதில் 1,000 பாஸ்வேர்டு மறந்துபோனவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வசதி செய்து கொடுத்தால் அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி வராமலே போகும். ஆனால் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வெண்டர், தன் வருமானத்தில் கால்பங்கு வரை வெட்டும் வேலையை ஏன் தானாகச் செய்யப்போகிறார்? அவர்மேல் குற்றமில்லை, ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. பயனர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று மாற்றினால் டிக்கெட் குறைவது அவருக்கே லாபம். சரி, அதிலும் ஒரு ஓட்டை உண்டு: பிரச்சினை தீராமலே டிக்கெட்டை மூடிவிடலாம். அதனால் மறுபடி திறக்கப்படும் டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளைவுக்குக் கட்டணம் என்று போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இன்றைய நிலையை அளக்காமல் தொடங்குவது. "செயலிழப்பை 30 சதவீதம் குறைத்தால் போனஸ்" என்று எழுதுகிறார்கள். எதிலிருந்து 30 சதவீதம்? கையெழுத்துக்கு முன்னால் குறைந்தது ஆறு மாதக் கணக்கு கையில் இல்லையென்றால் ஆண்டு முடிவில் சண்டைதான் மிஞ்சும்.

சேவை 99.9 சதவீத நேரம் நிற்காமல் இயங்கும் என்ற வாக்குறுதியும் ஏமாற்றும். 30 நாள் மாதத்தில் அது சுமார் 43 நிமிட நிறுத்தத்தை அனுமதிக்கிறது. நெட்வொர்க், கிளவுட், அப்ளிகேஷன் என்று மூன்று வெண்டர்கள், மூவருக்கும் 99.9, மூன்றும் வெவ்வேறு நேரத்தில் அந்த 43 நிமிடமும் நின்றால்? உங்கள் பயனருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை நிற்கும். ஆனாலும் மூன்று அறிக்கையும் பச்சையாகவே, அதாவது இலக்கை எட்டியதாகவே, இருக்கும். வெண்டர் ஒவ்வொருவரின் சர்வரை மட்டும் அளக்காமல், பயனர் ஒரு பில்லைப் பதிவு செய்ய முடிந்ததா என்பதை அளக்கச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு நடுவில் பொறுப்பைக் கேட்க உங்கள் ஆள் ஒருவரும் வேண்டும்.

அந்த ஆள் பல இடங்களில் இருப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. செலவைக் குறைக்கிறோம் என்று சிஸ்டம் தெரிந்தவர்களை எல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் வெண்டர் சொல்லும் மதிப்பீடு சரியா என்று சொல்லக்கூட உள்ளே ஆளில்லை. வேலையைத்தான் வெளியே கொடுக்க முடியும். தகவல் கசிந்தால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பது உங்களைத்தான்.

அளவுக்கேற்ற கட்டணத்தில் உச்சவரம்பும், செலவு ஏறும்போது முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடும் இல்லாமல் இறங்காதீர்கள், அவ்வளவுதான். ஏஐ கருவிகளால் வேலை சுருங்கும்போது மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பல ஆண்டு ஒப்பந்தத்தில் நடுவில் கேட்டால் கிடைக்காது.

கடைசியாக, வெளியேறும் வழி. 2002-ல் ஜேபி மார்கன் சேஸ், ஐபிஎம்முடன் 500 கோடி டாலருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பேங்க் ஒன் வங்கியுடன் இணைந்தபின், 2004-லேயே அதை முடித்துக்கொண்டு வேலையை உள்ளே கொண்டுவந்தது. நிறுவனங்கள் இணையும், பிரியும், திசை மாறும். ஆவணங்கள், வேலையைத் தானாகச் செய்ய எழுதிய ஸ்கிரிப்டுகள், அட்மின் அணுகல் யாருக்குச் சொந்தம், கைமாறும் மாதங்களில் வெண்டரின் ஆட்கள் இருப்பார்களா, அதற்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.