கியூபெக் மூதாதையரைத் தேடும்போது குடும்பப்பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் பூர்விகம் தேடுகிறவர்கள் ஒரு வகையில் கொடுத்து வைத்தவர்கள். அங்கே கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் (அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகள்) 1621இலேயே தொடங்கிவிடுகின்றன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார்கள் எழுதி வைத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. அப்படியிருந்தும் பலர் பாதி வழியில் நின்றுவிடக் காரணம், இன்றைய பழக்கத்தை வைத்து அன்றைய பெயர்களைப் படிப்பதுதான்.

அப்பாவின் குடும்பப்பெயர்தான் பிள்ளைக்கும் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. 1900இல் லெவி ஊரில் மக்கள் கூட்டுறவு வங்கியைத் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தெஜார்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா பிரான்சுவா ருவா 'தி' தெஜார்தான், அம்மா கிளாரிஸ் மிவில் 'தி' தெஷேன். தெஜார்தான் என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால் தடம் எங்காவது அறுந்துவிடும், ஏனென்றால் மேலே போகப்போக அந்தக் குடும்பம் ருவாதான்.

நடுவில் வரும் 'தி' என்பதற்கு 'என்று அழைக்கப்படுபவர்' என்று பொருள். இப்படி ஒட்டிய பெயர் பல விதமாக வந்தது: நிலத்தின் பெயர், சொந்த ஊர், தாய்வழிப் பெயர், பட்டப்பெயர். படைவீரர்கள் தனிக் கதை. 1665இல் பிரான்சிலிருந்து கரிஞான்-சாலியேர் படைப்பிரிவில் ஏறத்தாழ 1,200 பேர் வந்து இறங்கினார்கள்; சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் படையில் வீரனுக்குப் படைப்பெயர் வைப்பது வழக்கம். பூ என்று பொருள்படும் லாஃப்ளர், கவலையற்றவன் என்று பொருள்படும் சான்சூசி மாதிரியான பெயர்கள். ஒரே படைப்பெயர் சம்பந்தமே இல்லாத பலருக்கு இருந்தது. ஆகவே லாஃப்ளர்கள் எல்லோரும் பங்காளிகள் என்று முடிவுகட்டாதீர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: பியேர் உதோன் 'தி' போலியூவின் வம்சத்தில் சிலர் உதோன், சிலர் போலியூ. ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒரு பெயரிலும் கல்யாணத்தில் இன்னொன்றிலும் இருப்பார். இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டு இரண்டிலும் தேடுங்கள்.

எல்லையைத் தாண்டி அமெரிக்க ஆலைகளுக்குப் போனவர்கள் விஷயம் இன்னும் மோசம். பெயரையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: ராஜா என்று ஒலிக்கும் ருவா அங்கே கிங் ஆனார், பச்சை மரக்காடு என்று பொருள்படும் புவாவேர் கிரீன்வுட் ஆனார்.

பெண்களைக் கணவர் பெயரில் தேடுவதும் வீண் வேலை. கல்யாணமானாலும் விதவையானாலும் பதிவேட்டில் அவள் பிறந்த வீட்டுப் பெயர்தான் வரும். தாய்வழியைத் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

முன்பெயரிலும் சிக்கல் உண்டு. பையன்களுக்கு முன்னால் ஜோசஃப், பெண்களுக்கு முன்னால் மரி என்று சேர்ப்பது பிற்காலத்தில் ரொம்பப் பரவியது. வீட்டில் கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அப்புறம், குழந்தை இறந்துபோனால் அடுத்ததற்கும் அதே பெயரை வைப்பார்கள். ஞானஸ்நானம் கிடைத்தவுடன் 'ஆள் கிடைத்துவிட்டார்' என்று மகிழாமல், அந்தப் பெயரில் சிறுவயது அடக்கம் ஏதும் உண்டா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் திருமணப் பதிவிலிருந்து தொடங்குவதே சரி. மாப்பிள்ளை, பெண் இருவரின் பெற்றோர் பெயரும் வழக்கமாக அதில் இருக்கும்; ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். மறுமணமானால் கவனம். பெற்றோருக்குப் பதில் இறந்துபோன துணையின் பெயர் மட்டும் இருக்கக்கூடும், அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் போக வேண்டும்.

தேதியைத் திருத்துவது படித்தவர்கள் செய்யும் தவறு. ஆங்கிலேயர் 1752இல்தான் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறினார்கள் என்பதால், அதற்கு முந்தைய தேதிகளைச் சிலர் பத்துப் பதினோரு நாள் நகர்த்துகிறார்கள். பிரான்ஸ் 1582இலேயே மாறிவிட்டது. புதிய பிரான்சின், அதாவது பிரெஞ்சு ஆட்சிக்காலக் கியூபெக்கின், தேதிகளில் கை வைக்காதீர்கள்.

அச்சில் வந்ததை அப்படியே எடுப்பதும் ஆபத்து. பாதிரியார் சிப்ரியன் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதி பெரும் உழைப்புதான். ஆனால் அதில் பிழைகள் உண்டு. பிற்காலத்தவர் நிறையத் திருத்தியிருக்கிறார்கள். இணையத்தில் சுற்றும் பல குடும்ப மரங்கள் இன்னும் அந்தப் பழைய பிழைகளையே சுமக்கின்றன. அதிலும் கியூபெக் நகரில் 1640க்கு முந்தைய பதிவு என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த ஆண்டு தேவாலயம் தீப்பற்றி மூலப் பதிவேடு எரிந்துபோனது. இப்போது இருப்பது நினைவிலிருந்து திரும்ப எழுதியது.