மோதிரத்தைக் கொண்டே சவுரானை வீழ்த்தலாமா? விடை தேடும் முறை

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) நாவலைப் படித்தவர்களிடையே இன்றும் ஓயாத வாதம் ஒன்று உண்டு: இருள் வேந்தனான சவுரான் பிறரை அடக்கியாளச் செய்த மந்திர மோதிரம் கையில் அகப்பட்ட பிறகு, அதை அழிக்க எரிமலையில் எறிவானேன், அவன் மீதே ஏவியிருக்கலாமே என்பது. இரு தரப்பினரும் ‘வெற்றி’ என்ற சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்வதால்தான் இவ்வாதம் பெரும்பாலும் முடிவு காண்பதில்லை. ஆகையால் சவுரான் என்ற ஆள் வீழ்வதையும் அவனுடைய கொடுங்கோன்மை ஒழிவதையும் முதலில் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு, மோதிரத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க எல்ஃப் இனத் தலைவர் எல்ரோண்ட் கூட்டிய அவைக் காட்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். மோதிரத்தைப் பயன்படுத்தலாகாது என்று அவர் மறுத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஞானியருள் ஒருவர் அதைக் கொண்டு சவுரானை வீழ்த்தினால், அவரே அந்த அரியணையில் அமர்ந்து இன்னொரு இருள் வேந்தராகிவிடுவார் என்று அவர் எச்சரித்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீழ்த்தவே முடியாது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்து, ‘முடியுமா’ என்பதை விட்டு ‘யாரால் முடியும்’ என்று கேளுங்கள். மோதிரம் அணிபவரின் தகுதிக்கேற்பவே ஆற்றல் தரும் என்றும், அதை ஆள வேண்டுமானால் பிறரை அடக்கியாளும் மனவுறுதியைப் பழக வேண்டும் என்றும் எல்ஃப் தலைவி கலாட்ரியல், மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவிடம் (ஹாபிட் என்னும் குட்டை மனித இனத்தவன்) விளக்குகிறாள். 1963இல் எழுதிய கடிதமொன்றில் டோல்கீன் இதையே விரிவாக ஆராய்ந்து, சவுரான் நேரில் வந்திருந்தால் ஃப்ரோடோ முற்றிலும் நொறுங்கியிருப்பான் என்றும், நேருக்கு நேர் நின்று சவுரானை அடக்கக்கூடியவர் மந்திரவாதி கேண்டால்ஃப் மட்டுமே என்றும் கூறுகிறார். நாவல் வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கடிதம் என்பதால், இதை ஆசிரியரின் விளக்கமாகக் கொள்ளலாமே தவிர, கதைக்குள் இருக்கும் சான்றாகக் காட்டக்கூடாது. (மோதிரத்தை ஆயுதமாக்கலாம் என்று அவையில் கேட்ட போர்வீரன் போரோமிரை மூடன் என்று ஒதுக்கிவிடாதீர்கள், எதிரியின் வாயிலில் நின்று போரிடும் நாட்டின் மகன் ஆயுதத்தைக் கேட்பது இயல்பே. மோதிரத்தை ஒரு வாளைப் போல எண்ணியதுதான் அவன் செய்த பிழை.)

இரண்டாம் கேள்விதான் ஆழமானது. மோதிரம் ஒருவருடைய தீய ஆசையைத் தேடி அலைவதில்லை; அவரிடமுள்ள நல்லெண்ணத்தையே பற்றிக்கொள்கிறது. ஃப்ரோடோவுடன் செல்லும் தோட்டக்காரனான சாமுக்குப் பாழ்நிலம் பூத்துக் குலுங்கும் காட்சியைக் காட்டுகிறது. கேண்டால்ஃபோ தம்முடைய இரக்கத்தின் வழியாகவே அது உள்ளே நுழையும் என்று அஞ்சுகிறார். மோதிரத்தின் தலைவனாகும் கேண்டால்ஃப் சவுரானைவிடக் கொடியவராக இருப்பார் என்று அதே கடிதம் சொல்வதற்கும் காரணம் இதுதான்: தன் அறிவுக்கு எட்டிய நன்மையையே அவர் எல்லோர் மீதும் திணிப்பார். நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையும் இங்கே உதவும். கதை உண்மைப் போரின் போக்கில் சென்றிருந்தால் மோதிரம் கைப்பற்றப்பட்டுச் சவுரானுக்கு எதிராக ஏவப்பட்டிருக்கும், அவன் அழியாமல் அடிமையாகியிருப்பான், அவனுடைய பராத்-தூர் கோட்டை இடிக்கப்படாமல் கைப்பற்றப்பட்டிருக்கும் என்கிறார் டோல்கீன்.

கடைசியாக, சவுரான் என்ன நம்பினான் என்பதையும் கணக்கில் சேருங்கள். தன் மோதிரம் தன் மீதே திரும்பக்கூடும் என்று அவன் அஞ்சினான். அரச வாரிசான அரகோர்ன், தொலைவில் இருப்பவரைக் காட்டும் பலந்தீர்க் கல்லில் அவனுக்குத் தன்னைக் காட்டியதும், பின்னர் ஏறத்தாழ 7000 பேருடன் சவுரானின் நாட்டு நுழைவாயிலான கருவாயிலை நோக்கிப் படை நடத்தியதும் அந்த அச்சத்தை நம்பித்தான். சவுரானின் பார்வை வாயிலில் நிலைத்திருந்த வேளையில், ஃப்ரோடோ, சாம் என்ற இரண்டு ஹாபிட்டுகள் அவனுடைய முதுகுக்குப் பின்னால் அந்த எரிமலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.