லிஸ்பனில் முதல் மாதம்: எந்தச் சந்தை பார்க்க, எந்தச் சந்தை சமைக்க

வேலைக்கு வந்தாலும் படிக்க வந்தாலும் லிஸ்பனில் முதல் இரண்டு வாரம் எல்லோரும் சுற்றுலாப் பயணிகள்தான். ஊர் அழகு, வெயில் இதம், கால் போன போக்கில் நடப்போம். கொண்டு வந்த யூரோ வேகமாகக் கரைவதும் அந்த இரண்டு வாரத்தில்தான். சுற்றிப் பாருங்கள், அதில் தப்பே இல்லை. கூடவே, ஊர்க்காரர்கள் எந்தக் கடையில் எந்த நேரத்தில் பை நிறைய வாங்கிப் போகிறார்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காய்ஷ் தோ சொத்ரே ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் ரிபெய்ரா சந்தையிலிருந்து தொடங்குவோம். 1882-இல் திறந்த சந்தை இது. 2014-இல் இதன் ஒரு பாதி உணவுக்கூடமாக மாறியது. வழிகாட்டிப் புத்தகங்கள் அனுப்புவது அந்தப் பாதிக்குத்தான். சாப்பாடு நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் சமையலறைக்கு வேண்டியது மறுபாதியில் இருக்கிறது: மீன், காய், பழம், பூ. அதற்குக் காலையிலேயே போக வேண்டும். மதியம் தாண்டினால் கடைகள் மூடத் தொடங்கிவிடும்.

நான் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. மீன் மேடைகள் கழுவித் துடைத்துக் காலியாகக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை படகு போகாது, அதனால் திங்களன்று புது மீன் வராது என்று பக்கத்துக் காய்கறிக் கடை அம்மாதான் கையைக் காட்டி விளக்கினார். நாட்டின் எந்த மீன் சந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். செவ்வாய் முதல் சனி வரை போங்கள்.

மீன் பிரியர்களுக்கு இந்த ஊர் ஒரு வரம். 'சர்தீன்யா' நம்முடைய மத்தி, சாளை வகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொழுப்பேறி ருசியாக இருக்கும். ஜூன் 12, 13 தேதிகளில் சாந்த் அந்தோனியோ திருவிழாவுக்கு ஊர் முழுக்கத் தெருவில் வைத்துச் சுடுவது இதைத்தான். 'கவாலா' நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய உறவு, விலையும் குறைவு. குழம்புக்கு என் முதல் தேர்வு இதுதான். 'ஷோக்கு' என்றால் கணவாய். வாளை மீனைப் போல நீண்டு வெள்ளியாக மின்னுவது 'பெய்ஷ் எஷ்பாதா'. வறுவலுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை.

வாங்கும்போது மூன்று சொற்கள் போதும். 'அமன்யார்' என்றால் செதில் எடுத்து, குடல் நீக்கிச் சுத்தம் செய்வது. பெரும்பாலும் இதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. அடுத்து, சுடுவதற்கா வறுப்பதற்கா என்று கேட்பார்கள். நீங்கள் 'பாரா கல்தெய்ராதா' என்று சொல்லுங்கள். கல்தெய்ராதா என்பது இவர்கள் ஊர் மீன் குழம்பு. அதைச் சொன்னால் நமக்கு வேண்டிய மாதிரியே துண்டு போட்டுத் தருவார்கள். தலை வேண்டுமென்றால் 'கோம் அ கபேசா' என்று சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தலை குப்பைக்குப் போய்விடக்கூடும். கிலோ விலை பலகையில் எழுதியிருக்கும். மீனுக்கும் காய்க்கும் இங்கே பேரம் பேசும் வழக்கமில்லை.

மொழி வராதே என்று தயங்க வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன சொற்கள் இங்கே கடைப் பலகைகளில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். துவாலை இவர்களுக்கு 'துவால்யா'. சாவி 'ஷாவ்'. அன்னாசி 'அனனாஷ்'. இலங்கைத் தமிழர்கள் சொல்லும் பாணும் சப்பாத்தும் இங்கே இன்றும் புழங்குகின்றன. பேக்கரியில் பாண் என்பதைக் கொஞ்சம் மூக்கால் சொன்னாலே ரொட்டி கைக்கு வந்துவிடும். கடைக்குள் நுழைந்ததும் 'போம் தியா' சொல்லுங்கள், கிளம்பும்போது ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா' சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்டால் இவர்களுக்கு மனம் சுணங்கும்.

புளி, கறிவேப்பிலை, உளுந்து, இட்லி அரிசி தேடுபவர்கள் மர்த்தீம் மொனீஷ் போக வேண்டும். மெட்ரோ பச்சைத் தடத்தில் அதே பெயரில் நிலையம் உண்டு. 1975-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றதையொட்டி இங்கே குடியேறிய குஜராத்திக் குடும்பங்கள் இந்தப் பகுதியில் கடை போட்டார்கள். பின்னர் சீனக் கடைகளும் வங்காளதேசக் கடைகளும் சேர்ந்துகொண்டன. மொராரியா வணிக வளாகத்தின் உள்ளேயும், பென்ஃபொர்மோசு தெருவிலும் மளிகை, ஹலால் இறைச்சி, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். தமிழ்க் கடை இல்லையே என்று ஏங்க வேண்டாம். சரக்கு நம்முடையதுதான்.

எல்லாவற்றுக்கும் அங்கே ஓட வேண்டியதும் இல்லை. கொத்தமல்லி போர்ச்சுகல் சமையலில் தினமும் சேரும் பொருள். 'குயென்ட்ருஷ்' என்ற பெயரில் எந்தக் கடையிலும் கட்டுக்கட்டாக இருக்கும். கொண்டைக்கடலை, கத்தரிக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் பிங்கு தோஸ், கொந்தினென்ட், லிடில் போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே கிடைக்கும். 'அகுல்யா' என்ற நீள அரிசி அன்றாடச் சாப்பாட்டுக்குச் சரி. 'கரொலீனு' குழைந்து வரும், வெண்பொங்கலுக்கு அருமையாக இருக்கும்.

சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி, மீன் பகுதிகளில் வரிசையில் நிற்பதற்குப் பதில் 'சேன்யா' என்ற எண் சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். நான் முதல் நாள் இது தெரியாமல் கால் மணி நேரம் நின்றேன். பை கொண்டு போங்கள், மெல்லிய பிளாஸ்டிக் பைக்கே 2015 முதல் 10 சென்ட் தர வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் 'கொந்த்ரிபுயின்ட்?' என்று கேட்பார்கள். உங்கள் வரி எண்ணைத்தான் கேட்கிறார்கள். ஒன்பது இலக்க எண் கைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பில்லிலும் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். குடும்பப் பொதுச் செலவில் 35 சதவீதம், ஒருவருக்கு 250 யூரோ வரை, வருமான வரியில் கழியும். அரிசி வாங்கிய பில்லும் இதில் சேரும் என்று எனக்கு முதல் ஆண்டு யாரும் சொல்லவில்லை.

சில சின்னக் கடைகளும் உணவகங்களும் உள்ளூர் முல்திபாங்கு அட்டையை மட்டுமே ஏற்கும், நம் ஊர் வங்கி அட்டை ஓடாது. கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். பணம் எடுக்க, முல்திபாங்கு என்று எழுதிய வங்கி இயந்திரத்துக்கே போங்கள். சுற்றுலாத் தெருக்களில் நிற்கும் மற்ற இயந்திரங்கள் கட்டணம் பிடிக்கும். எந்த இயந்திரமானாலும், ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஃபெய்ரா த லாத்ரா. செவ்வாயும் சனியும் காம்பு த் சாந்தா கிளாரா மைதானத்தில் விரியும் பழம்பொருள் சந்தை. 28-ஆம் எண் டிராமில் போகலாம், ஆனால் அந்த டிராம் பிக்பாக்கெட்காரர்களுக்குப் பேர்போனது, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய பாத்திரம், கோட்டு, விளக்கு, இசைத்தட்டு என்று எல்லாம் இருக்கும். இங்கே பேரம் பேசலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பழைய சுவர் ஓடுகளை வாங்காதீர்கள். பழைய வீடுகளின் முகப்பிலிருந்து பெயர்த்துத் திருடப்படும் ஓடுகளும் விற்பனைக்கு வருகின்றன. ஆசையாக இருந்தால் புதிதாகச் செய்த ஓட்டை வாங்குங்கள்.

லிஸ்பனில் அல்லாமல் போர்த்து நகரில் குடியேறுபவர்களுக்குப் பொல்யாவுன் சந்தை இருக்கிறது. நான்கு ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் 2022-இல் மறுபடி திறந்தது.

ஊரிலிருந்து பெற்றோர் சுற்றுலா விசாவில் வந்தால் ஒரு சலுகை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில், வரி சேர்க்காமல் 50 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கினால், கட்டிய மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையில் கடவுச்சீட்டைக் காட்டி அதற்கான படிவம் கேட்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே படிவத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். இங்கே குடியிருக்கும் நமக்கு இது கிடையாது.

உணவகத்தில் நீங்கள் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். கேட்காத, தொடாத தட்டுக்குக் காசு வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒரு கடையில் என்னிடம் அப்படிப் போட்டார்கள். 'லிவ்ரு த் ரெக்லமசோயின்ஷ்' வேண்டும் என்று கேட்டேன். அது புகார்ப் புத்தகம், ஒவ்வொரு கடையும் வைத்திருந்தாக வேண்டும், கேட்டால் மறுக்கக்கூடாது. புத்தகம் வரும் முன்பே திருத்திய பில் வந்துவிட்டது.

முதல் சனிக்கிழமைக்கு என் யோசனை இது. எட்டு மணிக்கு ரிபெய்ராவில் இருங்கள். கவாலா ஒரு கிலோ, கல்தெய்ராதாவுக்கு வெட்டியது. எதிரே மெட்ரோவில் இறங்கிப் பச்சைத் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் மர்த்தீம் மொனீஷ். புளியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு பத்தரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம். மண்சட்டி வேண்டுமா? 'பாரு' என்று கேளுங்கள், இந்த ஊர்க் களிமண் சட்டியில் மீன் குழம்பு நம் ஊரில் வைத்தது போலவே வரும்.